வூடும் வுடும்

1. புதுச்சேரி மாநிலம் வில்லியனூர் கொம்யூனில் வசிப்பவரும், தொழிலால் வழக்கறிஞரும் நோட்டரியும், உறவால் உன் அத்தாவுமாகிய அப்துல் சமது என்னும் நான், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், தெளிந்த மனதோடு, பிரான்சு தேசத்தில் மரம் ஏறிக் கிளை அறுக்கும் வேலை பார்க்கும் என் மகள் ஃபைஜாவுக்கு எழுதும் கடிதம் இது.

2. அன்பு மகளே, உன்மீது இறைவனின் சாந்தி நிலவட்டும். நானும் அம்மாவும் நலம். உன் இடது தோள் இப்போது எப்படி இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் காலையும் மாலையும் நடக்கும் விசாரணை. நலம் என்று நீ சொல்வதை நாங்கள் நம்புகிறோம், ஆனால் நீ கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும்போது அம்மா போனுக்குள் தலையை விடாத குறையாக உற்றுப் பார்ப்பதை நீயும் கவனித்திருப்பாய்.

இதற்கு மேல் எண் போட்டு எழுத அம்மா அனுமதிக்கவில்லை. "பெத்த புள்ளைக்கு நோட்டீஸா அனுப்புறீங்க, மனுஷன் மாதிரி எழுதுங்க" என்கிறாள். அதனால் எண்களை இத்துடன் நிறுத்துகிறேன். நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது நினைவில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் வெட்டிய கிளை ஊசலாடி வந்து உன் தோளில் மோதியதிலிருந்து உன்னைத் தரையில் நிறுத்தி, கயிறு பிடிக்கவும் கிளை பொறுக்கவும் வைத்திருக்கிறார்கள். இப்போது மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டார், திரும்ப ஏறுகிறாயா என்று உன் முதலாளி கேட்கிறார். நீ எங்களிடம், "அத்தா, நீங்க வேணாம்னு சொன்னா நான் ஏற மாட்டேன், கீழயே வேற வேல பாத்துக்கிறேன்" என்றாய். அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. மறுப்பதற்கான காரணங்களை எல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் உனக்கு நோகாத சொற்களில் சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன். அதற்குள் நம் வீட்டிலேயே ஒன்று நடந்துவிட்டது. பதறாதே, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் கொல்லையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை சமையற்கட்டின் மேல் சாய்ந்திருப்பதும், மழைக்காலத்துக்குள் அதை இறக்கிவிட வேண்டும் என்று நீயே சொன்னதும் உனக்குத் தெரியும். மதகடிப்பட்டிலிருந்து மரம் ஏறி வெட்டும் வீரப்பனையும், அவருக்குக் கயிறு பிடிக்கும் அருள்தாஸையும் வரவழைத்தேன். நீ போனில் சொன்னதை எல்லாம் அவர்களிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். ஏறுபவர் ரம்ப மிஷினை ஓட்டும்போது உடலில் ஒரு பிடிமானம் போதாது, இரண்டு வேண்டும், ஒரு கயிற்றில் ரம்பம் பட்டாலும் மற்றொன்று தாங்கும் என்றேன். கிளைக்குத் தனிக் கயிறு, அது மேலே ஒரு கவட்டையின் மேலாகப் போய், கீழே அடிமரத்தைச் சில சுற்றுச் சுற்றி அருள்தாஸின் கைக்கு வர வேண்டும் என்றேன். இடம் மாறும்போது மிஷின் நின்றிருக்க வேண்டும் என்றேன். வீரப்பன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னா வக்கீல் பாய், மரத்துக்கும் வக்காலத்து போட்டாச்சா?" என்றார். நீ அனுப்பிவைத்த பழைய இடுப்புவாரைக் கட்டிக்கொண்டதும் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்து, "இத்த கட்டிக்கினு போனா எம் பொண்டாட்டி வூட்டாண்ட சேக்க மாட்டா பாய், குழந்தைக்கு அரணாக்கொடி கட்டுன மாதிரி கீது" என்றார். ஆனால் கழற்றவில்லை. ஏறி உட்கார்ந்து அதில் சாய்ந்து பார்த்தவர், "டேய் அருளு, ஊஞ்சலு மாதிரி சொகமா கீதுடா" என்று மேலிருந்து சொன்னதையும் பதிவு செய்கிறேன்.

நீ விதித்ததிலேயே கடினமானது அம்மாவை வெளியேற்றுவதுதான். கிளை எவ்வளவு நீளமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அதை இறக்கிவிட்டு வருகிறேன் என்றாள். இப்போதே வா என்றேன். "அவ அங்கேருந்து சொல்றதும் நீங்க இங்கேருந்து ஆடறதும், நல்லா இருக்கு" என்று சொல்லி, அடுப்பை அணைத்துவிட்டு, வாசல் கேட்டருகே நாற்காலி போட்டு, முகத்தை என் பக்கம் திருப்பாமல் உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு சிறு கிளைகள் ஒழுங்காக இறங்கின. மூன்றாவது, அந்தப் பெரிய கிளை. அறுபட்டதும் நாங்கள் எதிர்பார்த்த திசைக்குப் போகாமல் சமையற்கட்டை நோக்கித் திரும்பியது. மேலிருந்து வீரப்பன் மிஷின் சத்தத்தையும் மீறி, "வூடு! வூடு!" என்று கத்தினார். அருள்தாஸ் உடனே கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். மரத்தைச் சுற்றியிருந்த கயிறு புகையெழ ஓடியது, கிளை முழுவதும் சமையற்கட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்துகொண்டு அடுப்பின் மேல் உட்கார்ந்தது. வீரப்பன் மிஷினை அணைத்தார். பிறகு மேலிருந்து வீரப்பன், "டேய், வூடுன்னா வுட்டுடுவியா?" என்றார். "நீதான வுடுன்ன!" என்றார் அருள்தாஸ். "வூடுடா! வூடு! வூட்டு மேல வருதுன்னேன், புடின்னேன்!" "அதாண்ணே, வுடுன்னதும் வுட்டேன்!" இப்படியே இருவரும் ஒரே சொல்லை மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். அடிக்கப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். சொன்னவர் சொன்னது வீடு என்னும் பொருளில் நெடில், கேட்டவர் கேட்டது விடு என்னும் பொருளில் குறில். ஒரு மாத்திரை அளவுதான் வித்தியாசம், அந்த ஒரு மாத்திரையை மிஷின் தின்றுவிட்டது. இருவரில் ஒருவரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். பத்திரம் எழுத உட்கார்ந்தால் முதலில் சொற்களுக்குப் பொருள் வரையறுத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். கூப்பிடும் சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று நீயும் போனில் சொன்னாய். தமிழ் பேசுகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்களோடு செய்யும் வேலைக்கு அது எதற்கு என்று நான்தான் அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அம்மா எழுந்து வந்து, கூரையின் ஓட்டை வழியாகத் தெரிந்த வானத்தையும், அடுப்பிருந்த இடத்தில் கிடந்த கிளையையும் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "நான் இங்கதான நின்னிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள், மெதுவாக, தனக்கே சொல்வதுபோல. அருள்தாஸ் அதைக் கேட்டதும் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அழாத தம்பி, அந்தக் கூரை எனக்கு எப்பவும் புடிக்காது" என்றாள். பிறகு அவளே வழியும் சொன்னாள். விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதை யாராவது தப்பாகக் கேட்டதுண்டா? விடுவதற்கு 'ரைட்', பிடிப்பதற்கு 'ஓல்டான்'. வீரப்பன் சிரிக்கத் தொடங்கியவர், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மீதிக் கிளைகள் எல்லாம் அந்த இரண்டு சொற்களில்தான் இறங்கின. மரத்து மேலிருந்து "ஓல்டான், ஓல்டான், போலாம் ரைட்" என்று கேட்டதும் தெருவே எங்கள் கொல்லைக்கு வந்து, பஸ் எங்கே என்று தேடியது.

அன்றிரவு ஹோட்டல் இட்லி சாப்பிட்டுக்கொண்டே உன்னைப் பற்றிப் பேசினோம். இத்தனை நாளாக உன் வேலை என்றால் எனக்கு உயரமும் ரம்பமும் மட்டுமே தெரிந்தன. துணிச்சல்காரப் பெண் என்று வெளியில் பெருமையாகச் சொன்னாலும், உள்ளுக்குள் அந்தத் துணிச்சலை நினைத்து அஞ்சிக்கொண்டிருந்தேன். உன் வேலையில் பெரும்பகுதி கவனம்தான் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எது தவறும், தவறினால் எங்கே விழும், அங்கே யார் நிற்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்துவிட்டுத்தான் மரத்தைத் தொடுகிறாய். அப்படி நீ யோசித்ததால்தான் இன்று உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். இவ்வளவு தூரத்திலிருந்து, எங்கள் கூரையை ஒருமுறைகூட அளந்து பார்க்காமல், அவளைக் காப்பாற்றியிருக்கிறாய். அவ்வளவு யோசிக்கத் தெரிந்தவளைப் பார்த்து ஏறாதே என்று சொல்ல எனக்கு நியாயம் போதவில்லை மகளே.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீ அந்நிய மொழியில் கூப்பிடுகிறாய், அந்நிய மொழியில் கேட்கிறாய். உங்கள் தலைக்கவசத்துக்குள் பேசும் கருவி இருக்கிறது என்று சொன்னாய், அது பழுதாகும் நாளும் வரும். கீழே நிற்பவர் புதியவராக இருந்தால் ஒவ்வொரு சொல்லையும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல். ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொற்களை ஒரு மரத்தில் வைத்துக்கொள்ளாதே. சொன்னது கேட்டதா என்று சந்தேகம் வந்தால் ரம்பத்தை அணைத்துவிட்டு மறுபடி கேள், யார் சிரித்தாலும் கேள். தோள் வலித்தால் மறைக்காதே. வலிக்கிறது என்று சொல்லி இறங்கி வருவதில் ஒரு குறைவும் இல்லை.

ஆகவே, நீ கேட்டதற்கு என் பதில்: ஏறு. என் முழுச் சம்மதத்தோடும் துஆவோடும் ஏறு. அம்மாவின் பதிலை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவ ஏறட்டும். ஏறப் போறேன்னு எனக்குச் சொல்ல வேணாம், என்னால தாங்க முடியாது. எறங்குனதும் ஒரு போன் போடச் சொல்லுங்க. சாப்ட்டாளான்னு மட்டும் கேட்டுட்டு வச்சுடுறேன்."

உன் கையும் காலும் கண்ணும் கயிறும் இறைவனின் காவலில் இருக்கட்டும். இங்கே இரவு எந்நேரமானாலும் சரி, இறங்கியதும் போன் செய்.

இப்படிக்கு, சுயநினைவோடும் சம்மதத்தோடும் கையொப்பமிடும்,
உன் அத்தா,
அப்துல் சமது

சாட்சிகள்:
ரஹ்மத் பீவி, உன் அம்மா
அருள்தாஸ், கயிறு பிடித்தவர் (கூரை போட வந்த இடத்தில், தானே கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டது)