ஏரிக்கரை மீன் சந்தைக் கூரையும் உன் குரலும்

ஜின்ஜா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கீரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்த கிளாஸ்கோ குளிரில் இருமல் இல்லாமல் இருந்தால் சந்தோஷம். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கெட்டுக் கிடக்கிறது. ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசி வரைக்கும் படி, பாதியில் விட்டுவிட்டு எனக்கு ஒரு இதயப் படத்தை அனுப்பித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே.

உன் அக்காவுக்கு ம்பாலேயில் பெண் குழந்தை பிறந்து தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், மூக்கு மட்டும் உன் சித்தப்பா பல்யேகுவின் மூக்கு, வளர வளர மாறும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். பிரசவத்துக்காக நான் அங்கே போய் இருந்த நாட்களில்தான் அந்த மூக்குக்காரர் ஏரிக்கரை மீன் சந்தையின் கூரையை ஏற்றி முடித்திருக்கிறார். கூரைக்கு வரைபடம் போட்டது நான், காண்ட்ராக்ட் அவர். அவருக்குக் கொடுக்காதீர்கள் என்று மீன்காரப் பெண்களின் சங்கத்தில் அப்போதே சொன்னேன், கொழுந்தன் நாலு காசு பார்ப்பதைப் பொறுக்காதவள் என்ற பட்டம்தான் மிச்சம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், உருக்காலை பக்கத்திலேயே இருப்பதால் போல்ட்டில் ஒரு நட்டைக்கூட விட்டுவைக்கமாட்டார்கள், கழற்றிக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்து இங்கே எல்லாரும் நட்டின் மேலேயே வெல்டிங் வைத்துவிடுகிறார்கள், கேட், தண்ணீர்த் தொட்டி எதையும் விடுவதில்லை. கேட்டுக்கு அது சரி. கூரையைத் தாங்கும் சட்டத்துக்கு அது சரியா என்று யோசிக்க மூளை வேண்டும், அது உன் அப்பா குடும்பத்தில் கொஞ்சம் தட்டுப்பாடு.

சட்டத்தின் ஒரு முனையைத் தூணோடு இறுக்கிவிட்டு மறுமுனைக்குத் துளையை நீளமாகப் போட்டிருந்தேன். வெயிலில் இரும்பு நீளும், அப்போது அந்த முனை நகர்ந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தூணைத் தள்ளிப் பிளந்துவிடும். திருட்டுக்கும் வழி சொல்லியிருந்தேன், நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு மரையை உளியால் தட்டிச் சிதைத்துவிட்டால் எவனாலும் கழற்ற முடியாது. எல்லாம் வரைபடத்திலேயே இருக்கிறது. படத்தில் எழுத்து இருந்தால் அது அழகுக்கு என்று நினைக்கிற மனிதரை என்ன செய்வது. நான் வந்து பார்த்தால் ஒரு முனை பாக்கியில்லை, நகர வேண்டிய முனையையும் சேர்த்து, சாணி அப்பினது போல வெல்டிங் அப்பி வைத்திருக்கிறார். தூண்களின் தலையில் அதற்குள் விரிசல், என் நகம் உள்ளே போகிறது. பதப்படுத்திய போல்ட்டுக்கு மறுபடி நெருப்பைக் காட்டினால் பதம் கெட்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும் என்பது வேறு.

நான் சத்தம் போட்டதும் சித்தப்பா கோபப்படவில்லை, சிரித்தார். "அண்ணி, நான் படிக்காதவன், அதான் படிச்சவங்ககிட்ட கேட்டுட்டுச் செஞ்சேன்" என்று எல்லார் முன்னாலும் ஃபோனை எடுத்து, நீ அவருக்கு அனுப்பியிருந்த குரல்பதிவைப் போட்டுவிட்டார். "தாராளமா வெல்டு வைங்க சித்தப்பா, இன்னும் பலம்தான், ஒண்ணும் ஆகாது. அம்மா எதுக்கும் பயப்படுவாங்க, அவங்க அந்தக் காலத்து ஆளு." பின்னால் டம்ளர் சத்தமும் யாரோ சிரிப்பதும்கூடக் கேட்டது. வேலையாட்கள் குனிந்துகொண்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது கீரியா, என்னை நினைத்து இல்லை. வெயிலையே பார்க்காத ஊரில் உட்கார்ந்து மாடிப்படிக்குக் கைப்பிடி வரைகிற நீ, எந்த முனை எது என்றுகூடக் கேட்காமல், குடித்துக்கொண்டே என் கூரைக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. சங்கத் தலைவி ககோயா என் முகத்துக்கு நேராகவே, "இன்ஜினியரம்மா, உங்க மகனே சரின்னு சொல்லிட்டான். வருஷக்கணக்கா வெயில்ல மீனை வச்சுக்கிட்டு நாறிப்போறோம், நீங்க நிழல்ல உக்காந்துக்கிட்டு எங்க நிழலைத் தடுக்கிறீங்களே" என்றாள். அவள் கேட்டது நியாயம்தானே.

நேற்று உச்சிவெயிலில் நானே சாரத்தில் ஏறினேன். உன் அப்பா கீழே நின்று "இறங்கு, இறங்கு" என்றார், அவருக்குத் தம்பியிடமும் பேச்சில்லை என்னிடமும் பேச்சில்லை, இறங்கு என்ற ஒரு சொல்தான். ஒரு சட்டத்துக்கு மட்டும் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, நகர வேண்டிய முனையின் வெல்டிங்கை கிரைண்டரால் அறுக்கச் சொன்னேன். முழுக்க அறுபடக்கூட இல்லை, வெடி போட்டது போல டமார் என்று ஒரு சத்தம், முனை சுண்டுவிரல் அகலத்துக்குத் தானாக வெளியே தள்ளியது. தூணிலிருந்து சிமெண்ட் உதிர்ந்து மீன் கூடைகளில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் தூணைவிட்டுப் பின்வாங்கினார்கள். சித்தப்பா மட்டும் "காத்துதான், காத்து" என்றார். ஏரியில் அப்போது ஒரு அலைகூட இல்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் மற்ற சட்டங்களை அறுக்க விடமாட்டேன் என்கிறார். சனிக்கிழமை திறப்பு விழா, மந்திரி வருகிறார், பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. "கீரியா வேண்டாம்னு சொல்லட்டும், நிறுத்துறேன்" என்கிறார். பாதிப் பெண்கள் பயந்துவிட்டார்கள், மீதிப் பாதி உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நகரசபைக்கும் போனேன், விழா முடியட்டும் அம்மா, பிறகு பார்க்கலாம் என்று சோடா கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆக இந்த ஊரில் இத்தனை பேருக்கும் வேண்டியது, கூரையையே பார்க்காத ஒருவனுடைய வாக்கு. ஆகவே அந்த வாக்கைக் கொடு. அம்மா சொல்லச் சொன்னாள் என்று வழவழவென்று பேசாதே. பார்க்காமல் சொன்னேன், தப்பாகச் சொன்னேன், எல்லா முனையையும் அறுத்து போல்ட்டை மாற்றும்வரைக்கும் யாரும் உள்ளே போகாதீர்கள் என்று நீயாகச் சொல், சந்தை ஒலிபெருக்கியில் போடச் சொல்கிறேன். உனக்கு அவமானமாகத்தான் இருக்கும், இருக்கட்டும், எனக்கு இருந்ததே.

உனக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள், இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இருமலுக்கு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி. வெள்ளிக்கிழமைக்குள் உன் குரல் வராவிட்டால் சனிக்கிழமை அந்தப் பெண்கள் உள்ளே போவதை என்னால் தடுக்க முடியாது. ககோயாவின் பக்கத்தில் எனக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்லியிருக்கிறேன், அறுக்காத சட்டத்துக்கு நேர் கீழே.

உன் அம்மா,
நைகாகா.