குளியல் தொட்டிக் குழாயும் அம்மாவின் பிடியும்

அன்பு மகள் யசோதினிக்கு,

அப்பா எழுதுவது. கண்டியில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அதுபோல நீயும் சைப்ரஸில் நோய்நொடி அண்டாமல் இருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதே மகள், நானேதான் எழுதுகிறேன், கோயில் மண்டபத்துப் பெரியவர்கள் வகுப்பில் படித்ததுதான். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது, ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது. போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், இந்தச் சங்கதியைச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம்.

அம்மாவின் கால் வலி உனக்குத் தெரியும், பன்வில மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்க ஏறி இறங்கிய கால். இந்த வாடகை வீட்டு மாடியில் பழைய குளியல் தொட்டி ஒன்று இருந்தது நம் அதிர்ஷ்டம், சுடுதண்ணீரில் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, அந்தத் தொட்டியிலேயே முழுகினாள். தோட்டத்துப் பீலிக் குழாயடியில் குளித்தால் எண்ணெயெல்லாம் கான் வாய்க்காலோடு ஓடிவிடும், தொட்டியில் ஓடாது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் இறங்கும் ஓட்டை அடைத்துக்கொண்டது. நான் பழைய குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கிப் பலமாகக் குத்தினேன், தண்ணீர் மடமடவென்று இறங்கியது, அம்மாவிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி உம்மு குல்சும் படியில் நின்று, "அண்ணே, எங்கட குசினிக்குள்ள மழ பெய்யுது, ஒரு குட தாங்க" என்று சத்தம் போட்டார். போய்ப் பார்த்தால் அடுப்புக்கு மேலே சீலிங் பலகை நனைந்து, ரொட்டிக்குக் குழைத்த மாவில் சீயக்காய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் குழாய் ஒழுகினால் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுவோமே, நனைந்து தொங்கிய பலகை இடுக்கால் கையை விட்டு அதையே இங்கும் செய்தேன். பச்சைத் தண்ணீருக்கு நின்றது, சுடுதண்ணீர் விட்டதும் இளகி மறுபடியும் ஒழுகியது. இந்த முறை உம்மு குல்சும் சத்தம் போடவில்லை, பேசாமல் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பேசாமைதான் அம்மாவைப் பயப்படுத்தியது. அவங்க போகச் சொல்றதுக்கு முன்னால நாமளே பன்வில லயத்து வீட்டுக்குப் போயிருவோம், மரியாதையாவது மிஞ்சும் என்றாள். அந்த மேட்டுப் படிகளை எப்படி ஏறுவாய், கிளினிக்குக்கு எப்படி வருவாய் என்று கேட்டால், ஏறின காலு தானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொட்டிப் பக்கமே போகவில்லை. நீ அங்கே யார் யாருடைய தாய்மாரையோ குளிப்பாட்டுகிறாய், உன் தாய் இங்கே காலை நனைக்க வழியில்லாமல் இருக்கிறாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை மகள்.

டவுனில் ஹார்ட்வெயார் கடையில் கேட்டேன். ஓட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் கிழிந்திருக்கும், கீழே நின்று நட்டைத் திருப்பும்போது மேலே ஒருவர் ஓட்டை வளையத்தைக் குறட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து சுற்றும் என்றார்கள். தயங்கித் தயங்கி உம்மு குல்சுமிடம் போனேன். சீலிங் பலகையைக் கழற்றச் சம்மதித்தார், "மேசையில ஏறுங்க, ஆனா செருப்போட ஏற வாணாம்" என்றார். பிறகு, "அக்கா கீழயே வாறல்ல, நான் மழ எண்டு கத்தினதுக்குக் கோவமா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! ஓடிப்போய் அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துக் காய்ந்த தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, குறட்டைக் கொடுங்க என்று கையை நீட்டினாள். நான் கீழே மேசையில் ஏறி, பிடித்திருக்கிறாயா, பிடித்திருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நான் புடிச்சிட்டுத்தான் இருக்கேன், நீங்க வாய மூடிட்டுத் திருப்புங்க!" என்று மேலிருந்து சத்தம் வந்தது, உம்மு குல்சும் சிரித்துச் சிரித்து ஏணியைப் பிடிப்பதுபோல என் காலைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் பிடியில் அந்த வளையம் மயிரிழையும் அசையவில்லை.

பழைய வாஷர் பிய்ந்து வந்தது, புதியதைப் போட்டு முடுக்கினேன். மேலே போனால் அம்மா எழும்பவில்லை. இறங்கினது இறங்கிட்டேன், சுடுதண்ணிய ஊத்துங்க என்றாள். சேலையோடு ஊறிக் கிடந்துவிட்டு அவளே தொட்டி அடைப்பானைப் பிடுங்கினாள். தண்ணீர் இறங்கி முடியும்வரை இரண்டு பேரும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உம்மு குல்சும், "காஞ்சி போய் ஈக்கிது அக்கா, ஒரு சொட்டும் இல்ல!" என்று கத்தினார். அம்மா என்னைப் பார்த்து, நாளைக்கும் தண்ணி சூடு பண்ணுங்க என்றாள். பன்வில பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எண்ணெய் முழுக்கு இப்போது வீட்டுக்குப் பின்வளவில் வாளியோடுதான். நீ வயதானவர்களைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. போக நினைத்த கதையை அம்மாவிடம் கேட்டுவிடாதே, மறக்காதே. எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் அம்மா தொட்டிக்குள்ளிருந்து கூப்பிடுகிறாள், தண்ணீர் ஆறிவிட்டதாம், கை கொடுக்கப் போகிறேன்.

உன் அப்பா,
கணபதி