உன் அப்பா எதையும் மறக்கவில்லை

பிப்ரவரி 10

அன்புள்ள மகன் டேரிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீயும் மெலிசாவும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். போனிலேயே உன்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன், ஆனால் சமையலறையில் பேசினால் மாடி வரைக்கும் கேட்கிற வீடு இது, இந்த விஷயம் உன் அப்பா காதில் விழக் கூடாது. வரி கோணலாகப் போனால் என் கண்தான் காரணம், எழுத்து நடுங்கினால் அது கோபம்.

போன செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் உரிம அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரெய்னோ கின்னுனென், வயது எழுபத்தாறு, ஞாபக மறதி இருப்பதாகக் குடும்பத்தார் ஒருவர் தெரிவித்திருக்கிறார், இருபதாம் தேதி நேரில் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று. குடும்பத்தார் ஒருவராம்! எங்களுக்கு எத்தனை பிள்ளைகள்டா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? என் பார்வை மங்கியதிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று உனக்குத் தெரியும். கடைக்கு இருபது மைல், ஆஸ்பத்திரிக்கு முப்பத்தைந்து மைல், ஆறு மாதம் பனி. அவர் உரிமம் போனால் இந்த வீட்டில் எங்களால் ஒரு குளிர்காலம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. ஒரு காகிதத்தை நிரப்பி எங்கள் இரண்டு பேரையும் வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்த்தாயே, நன்றாக இருக்கிறதா?

நடந்தது என்னவென்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், பாதிதான் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்தாயே, நாலு நாள். அப்பாவோடு பிக்கப் வண்டியில் போகும்போது, மேட்டில் நிறுத்துவதற்கு முன்னால் அவர் ஸ்டியரிங் பக்கத்துத் திருகைத் திருப்பி நாலு சக்கரத்தையும் ஒன்றோடொன்று பூட்டுவதைப் பார்த்துச் சிரித்தாய். என்னப்பா, இன்னும் பழைய லாரி ஓட்டுறதா நெனப்பா, திருக ‘ஆட்டோ’ன்னு போட்ட இடத்துல விட்டுட்டா எப்ப நாலு சக்கரமும் வேணும்னு வண்டிக்கே தெரியும், நீங்க கையே வைக்காதீங்க என்று சொல்லி, திருகு நகராமல் அதன் மேல் டேப்பை வேறு ஒட்டிவிட்டுப் போனாய். அதைப் பிய்த்து எறியுங்கள் என்று நான் சொன்னேன். விடு லோரெய்ன், பையன் படிச்சவன், சும்மா சொல்வானா என்றார். உன்மேல் அவருக்கு அவ்வளவு பெருமை. என்ன சொல்லித் தலையில் அடித்துக்கொள்வது?

ஜனவரி கடைசி ஞாயிறு சர்ச்சில் பொதுச் சாப்பாடு. மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, உருளைக்கிழங்குச் சட்டியை அவர் தூக்கிக்கொள்ள, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். முதல் பாட்டு முடியவில்லை, வெளியே படார் என்று சத்தம். வண்டி யாருமில்லாமல் பின்பக்கமாகச் சறுக்கி, சாலையைத் தாண்டி, ஹெய்க்கினென் வீட்டு சவுனாவின், அதுதான் அந்த நீராவிக் குளியல் அறையின், சுவருக்குள் புகுந்து நின்றது. சனிக்கிழமை சாயங்காலமாக இருந்திருந்தால் ஹெய்க்கினெனும் அவன் பெண்டாட்டியும் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் உள்ளே வெந்துகொண்டிருந்திருப்பார்கள். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊரே ஒரே வாயாகச் சொன்னது, பாவம், ரெய்னோ வண்டி நகராம இருக்கக் கியரை ‘பார்க்’ல போட மறந்துட்டாரு என்று. நீயும் அங்கே பீனிக்ஸ் வெயிலில் அரைக்கால் சட்டையோடு நின்றுகொண்டு போனில், அம்மா, அப்பாவுக்கு வயசாயிடுச்சு, சாவிய வாங்கி வச்சிருங்க என்றாய். வயதாகிவிட்டதாம்! நாலு வருடம் கழித்து இப்போதுதான் பனியைப் பார்த்த நீ பனியில் வண்டி நிறுத்துவதைப் பற்றி அவருக்குச் சொல்கிறாய்.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிவிட்டார். போட்டேன்னுதான் நெனைக்கிறேன் என்றார் முதல் நாள். போட்டேனா என்றார் மூன்றாம் நாள். இப்போது அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிறார். என் பிறந்தநாள் தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். துவைக்கப் போட்ட சட்டையில் அதை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை, வண்டியைச் சரிபார்க்கிற பெட்ரா தன் கராஜிலிருந்து கூப்பிட்டாள். பின்பக்கத்தைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனதிலிருந்து, புது பம்பர் வரும் வரை வண்டி அவள் கொட்டகையிலேயே கிடந்தது, யாரும் உள்ளே ஏறவில்லை. அக்கா, கியர் பார்க்லதான் இருக்கு, பார்க்கிங் பிரேக்கும் தரையோட மிதிச்சிருக்கு, யாரு மறந்தது என்றாள். பிறகு வண்டியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள். திருகு ஆட்டோவில் இருக்கும்போது கியரைப் பார்க்கில் போட்டால் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும்தான், பார்க்கிங் பிரேக்கும் அதே பின் சக்கரங்களைத்தான். முன் இரண்டும் சும்மா உருளும். பனி மேட்டில் நாலையும் பூட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. உன் அப்பா ஆயுசெல்லாம் செய்ததும், நீ டேப் ஒட்டித் தடுத்ததும் அதைத்தான்.

சனிக்கிழமை காலை பெட்ரா எங்களை அதே மேட்டுக்குக் கூட்டிப்போனாள். பிக்கப்பைத் தன் இழுவை வண்டியின் கம்பியில் கோத்து, ஆட்டோவில் விட்டு, பார்க்கில் போட்டு, பிரேக்கை மிதித்து இறங்கினாள். கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் கம்பி இறுகும் வரைக்கும் கிறீச்சென்று சறுக்கியது. இழுத்து மேலே ஏற்றி, டேப்பைப் பிய்த்து, நாலையும் பூட்டி நிறுத்தினாள். அசையவில்லை. அப்ப நான் போட்டுத்தான்டி இறங்கியிருக்கேன் என்று சொல்லி உன் அப்பா பனிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அழுதார்.

அதோடு முடிந்தது என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வரும் வழியில், இத டேரில்கிட்ட சொல்லிடாத லோரெய்ன், தன்னாலதான்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான், நான் மறந்துட்டதாவே இருக்கட்டும் என்றார். இருபதாம் தேதி கேட்டாலும் அப்படியேதான் சொல்லப்போகிறாராம். உரிமத்தைப் பிடுங்கினால் பிடுங்கட்டுமாம். பெட்ராவிடமும் வாக்கு வாங்கிவிட்டார், என்னிடமும் வாங்கினார். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்குக் கொடுத்து நான் மீறுகிற முதல் வாக்கு இது.

நீ நன்றாக இரு, இருமலுக்கு மருந்து சாப்பிடு, மெலிசாவுக்கு என் ஆசீர்வாதம். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். அந்த உரிம அலுவலகம் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது, போன் எண் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. முதலில் அங்கே பேசு. அப்புறம் அப்பாவைக் கூப்பிடு, நான் எழுதியதாகவே சொல், பரவாயில்லை. அவர் உனக்காகப் பொய் சொல்லப் போகுமுன் நீ அவருக்காக உண்மையைச் சொல்லிவிடு.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா
லோரெய்ன்