கவிதாவைக் கவிதாவாகவே படம் எடுப்பது

5-2-2006, ஞாயிறு. வெள்ளகோவில்.

காங்கயம் தாண்டும்வரை பனி. பஸ் ஜன்னல் ஷட்டரை ஏற்றிவைத்து வேடிக்கை பார்த்ததில் பின்சீட்டு அம்மாவிடம் திட்டு. கேமரா மடியில், பழைய டி-சர்ட்டில் சுற்றி. மேலே கம்பியில் வைக்கவே கூடாது. குண்டும் குழியுமான ரோடு, லென்ஸ் உள்ளேயே ஆடிப்போகும். இவர் வழியெல்லாம் கிண்டல். "உன்ற செல்லப்புள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுட்டியா?" வீட்டுக்காரர் என்றால் அப்படித்தான்.

போனது தங்கை கவிதாவைப் படம் எடுக்க. எதற்கு என்று எழுதிவைக்கிறேன். கோபம் ஆறினால் மறந்துவிடுவேன்.

போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். முன்னாடியே அனுப்பின போட்டோ ஸ்டுடியோவில் எடுத்தது. கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றி, கன்னத்தில் ரோஸ் அடித்து, யாரோ ஒரு பெண். கவிதா கறுப்பு. அப்பா நிறம். வந்ததில் மாப்பிள்ளையின் அத்தைக்காரி படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி படத்தை. "ஏனுங்க, இது பொண்ணுக்கு அக்காளுங்களா?"

நான் சமையலறையில், கையில் கரண்டியோடு. போய் ஒரு போடு போட்டிருப்பேன். கவிதாவே சொன்னாள், "இல்லீங்க, அக்கா உள்ளே இருக்கறாங்க. நாந்தானுங்க பொண்ணு." காப்பி குடித்தார்கள். போனார்கள். அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், மறுநாள் வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். மூன்று நாள் கழித்து ஒரே பேச்சு. "இனி போட்டோ அனுப்பறதுன்னா என்ற நெறத்துலயே இருக்கோணும். இல்லீன்னா அனுப்பவே வேண்டாம். இதுதான் கடைசி. இதும் இல்லீன்னா எனக்குக் கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க."

சொன்னால் சொன்னதுதான். அவளை எனக்குத் தெரியும்.

இப்போது தாராபுரத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறது. தரகர் அடுத்த திங்கள் வந்து போட்டோ வாங்கிக்கொள்வார். அம்மா, "உள்ளதைக் காட்டுனா ஆரு கண்ணு வருவாங்க?" என்கிறார். "வராட்டிப் போகட்டும்மா" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம்.

திருப்பூர் வீரபாண்டி டையிங் கம்பெனி லேபில் எட்டு வருஷமாக எனக்கு வேலையே நிறம் பார்ப்பதுதான். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பின துண்டுக்கும் நாங்கள் சாயமேற்றின துண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பிடித்துவிடுவேன். என் தங்கச்சி நிறம் எனக்கு வராதா?

வரவில்லை! முப்பது படம். கேமராவுக்கு 'இதுதான் வெள்ளை' என்று நாமே காட்டுகிற வசதி உண்டு. கம்பெனியிலிருந்து நல்ல பளீர் வெள்ளை பனியன் துணி கொண்டுபோய் அதைத்தான் காட்டினேன். எல்லாப் படமும் மஞ்சள். அம்மா எட்டிப்பார்த்து, "காமாலை வந்தாப்பல இருக்குது கண்ணு. இதுக்கு ஸ்டுடியோவே தேவலை."

திரும்பும் பஸ்ஸில் கேமராவை இவரே மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பாவமாக இருந்தேன் போல.

6-2, திங்கள்.

லேப். எஸ்தரிடம் காட்டினேன். திருச்செந்தூர் பக்கத்துக்காரி, பக்கத்து மேஜை. ஒரு நிமிஷம் பார்த்தாள். அடுத்து சிரித்த சிரிப்பில் மெஷின்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? பளபளப்பு மருந்து போட்ட வெள்ளைய வெயில்ல வச்சா நீலம் அடிக்கும்னு நீதான பையர்ட்ட மல்லுக்கு நிப்ப? அந்த நீலத்தப் போயி வெள்ளைன்னு காட்டுனா கேமரா என்ன செய்யும்? மஞ்சளைத் தூக்கி ஊத்தத்தான் செய்யும்."

தலையில் அடித்துக்கொண்டேன். நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் ஊதா விளக்குப் பொத்தானை அழுத்தினால் இந்தத் துணி பேய் மாதிரி நீலமாக ஒளிர்வதைத் தினம் பார்க்கிறேன். சொந்த வேலையை வீட்டில் மறந்தேன். வேறு ஊர்க்காரர்கள் என்றால் பழைய வேட்டியைக் காட்டித் தப்பித்திருப்பார்கள். திருப்பூர்க்காரி எக்ஸ்போர்ட் வெள்ளையைக் காட்டினேன்.

சாயம் போடாத துணியைக் காட்டலாமா? அது பழுப்பு. படம் நீலமாகும். எஸ்தர் அலமாரியைத் திறந்து சாம்பல் அட்டையை எடுத்துக்கொடுத்தாள். துவைத்தால் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்க்க வைத்திருப்பது. எந்தச் சாயலும் இல்லாத சுத்தச் சாம்பல். "பழசு ஒண்ணு கெடக்கு, கொண்டு போ."

மனசுக்குள் குதித்தேன்.

8-2, புதன்.

மாலை சீக்கிரம் வந்தேன். இவரை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பரீட்சை. "சிரிக்கட்டுமா?" "வேண்டாம், நிறம்தான் பார்க்கறேன்." "அப்ப வயித்தை உள்ளே இழுக்க வேண்டியதில்லை." கற்றுக்கொண்டது, மறக்காமல்:

— ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். நெற்றி பளபளக்கும், பின்சுவரில் நிழல் கட்டும்.
— ட்யூப்லைட்டையும் அணை. ஜன்னல் வெளிச்சமும் ட்யூப் வெளிச்சமும் கலந்தால் பாதி முகம் பச்சை.
— வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் கேமரா பயந்துபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கும். முகம் இன்னும் கறுக்கும். கறுப்புத் திரை இருந்தால் நேர் எதிர், முகம் வெளுக்கும். ஸ்டுடியோக்காரன் நீலத்திரை கட்டுவது சும்மா இல்லை. நடுத்தரமான சுவர் தேடு. அம்மா வீட்டில் பச்சைச் சுவர்... வேண்டாம், பச்சை முகத்தில் அடிக்கும். மண் நிறக் கதவு!
— கிட்டப் போகாதே. எட்டி நின்று ஜூம். கிட்டப் போனால் மூக்கு பெரிதாகிறது (இவர் படம் நான்காவது, அழித்துவிட்டேன், அவர் பார்ப்பதற்குள்).
— முழங்கை விலாவோடு ஒட்டி. மூச்சை விட்டுவிட்டு அழுத்து.
— துணி பின்னுகிற நிட்டிங் ஹாலில் கேமராவைத் திறக்காதே. பஞ்சுத் தூசி. போன மாதப் படங்களில் வானத்தில் பறந்த 'கொக்கு' எல்லாம் அதுதான்.

இன்னொன்று தோன்றியது, நல்ல யோசனை. கவிதா கையில் லேபிலிருந்து ஒரு மெரூன் துணித்துண்டைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம். பிரிண்ட் வந்ததும் அதே துண்டைப் பக்கத்தில் வைத்து லைட் பாக்ஸில் பார்ப்பது. துணி நிறம் சரியாக வந்திருந்தால் முகமும் சரி. துண்டு இல்லாமல் அதே இடத்தில் அடுத்த படம், அதுதான் அனுப்ப.

இதைச் சொன்னதும் இவர், "தங்கச்சிக்கு லேப் டிப் அப்ரூவலா!" சாயம் சரிதானா என்று பையருக்கு நாங்கள் அனுப்புகிற மாதிரித் துண்டுதான் லேப் டிப். சிரிக்கட்டும்.

12-2, ஞாயிறு. வெள்ளகோவில்.

வெயில் நன்றாக. எட்டரைக்கு ஜன்னல் வெளிச்சம் நேர்த்தி. ஒன்பதரைக்குள் முடித்தாக வேண்டும்.

கதவை மூடி அதன் முன்னால் நாற்காலி. கதவிலிருந்து நான்கடி தள்ளி. சாம்பல் அட்டையைக் கவிதாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து, கேமராவுக்குக் காட்டி, சரி. முதலில் மெரூன் துண்டோடு ஒன்று. இடது பக்கம் நிழல் அதிகம். அம்மா கையில் ஒரு தெர்மகோல் அட்டை, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க.

அம்மா ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அங்குலம் முன்னேறுகிறார்.

"அம்மா, பின்னாடி போ."

"இன்னுங் கொஞ்சம் வெளிச்சம் அடிச்சா கலர் ஏறுமில்ல கண்ணு?"

"ஏறவே கூடாது!" கவிதாவும் நானும் ஒரே நேரத்தில். அதில் கவிதா சிரித்துவிட்டாள். அழுத்திவிட்டேன். அந்தச் சிரிப்பு, கண்ணோரச் சுருக்கத்தோடு. அதுவரை பாஸ்போர்ட் மூஞ்சி.

பவுடர் போடவில்லை. அரக்குச் சேலை, காதில் சின்னத் தோடு. அவ்வளவுதான். அழகாக இருக்கிறாள். அக்கா என்பதால் சொல்லவில்லை. அக்கா என்பதாலும்தான்.

13-2, திங்கள்.

லேபுக்குப் போகும் முன் பிரிண்ட் கடை. பதினைந்து நிமிஷத்தில் கொடுத்தார்கள். கம்பெனிக்கு ஓடி லைட் பாக்ஸில் வைத்தால், படத்தில் மெரூன் துண்டு ரோஜா நிறம்! பின்பக்கத்தில் 'ரிஜெக்ட்' என்று எழுதி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திரும்ப ஓடினேன்.

கடைக்காரர் ரொம்ப மரியாதை. "அக்கா, பொண்ணுங்க போட்டோன்னா நாங்களே ரெண்டு பாயிண்ட் ஏத்திருவோமுங்க. இதுவரைக்கும் ஆரும் கொறை சொன்னதில்லீங்க."

"நான் சொல்றேனுங்க."

"கறுப்பாயிருமுங்க."

"அவ கறுப்புத்தானுங்க. எறக்குங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. மெஷினில் ஒரு திருத்தமும் இல்லாமல் போட்டுக்கொடுத்தார். இரண்டாவது பிரிண்டில், லைட் பாக்ஸின் பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு பல்பு மூன்றிலும் துண்டும் படமும் ஒன்று. எஸ்தர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "பாஸு" என்றாள். பிறகு மெதுவாக, "ஒன் தங்கச்சி லட்சணமா இருக்கா, சுமதி. இதுக்கா இவ்வளவு பாடு?"

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான்கு மணிக்குத் தரகரே திருப்பூர் வந்து வாங்கிக்கொண்டார். படத்தை உறையிலிருந்து எடுத்துப் பார்த்து, "வேற படம் இல்லீங்களா?" இல்லை என்றேன். உச்சுக் கொட்டினார். அவர் உச்சை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

16-2, வியாழன்.

மூன்று நாளாக எந்த போன் அடித்தாலும் ஓடுகிறேன். வேலையில் ஒரு நீலத்தைத் தவறாக பாஸ் செய்யப் பார்த்தேன். எஸ்தர் பிடித்தாள்.

மத்தியானம் அம்மாவின் போன். குரலிலேயே தெரிந்தது. "பொண்ணு பாக்க வாராங்களாமா! படம் புடிச்சிருச்சாமா!" நான் போட்ட கூச்சலில் மெஷின்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அவர்கள் மாப்பிள்ளை போட்டோவும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். சரவணன், தாராபுரத்தில் சொட்டுநீர்ப் பைப் கடை. சாயங்காலம் கவிதாவே போனில்.

"அக்கா, மொகம் ரோஸ். கழுத்து கறுப்பு. பின்னாடி அருவி கொட்டுது. இது எந்த ஊர்ல கொட்டற அருவி?"

"ஸ்டுடியோவுல கொட்டறது. வேண்டாம்கறியா?"

"நான் உள்ளபடி இருக்கோணும், அவரு மட்டும் ரோஸா இருக்கலாமா? நேர்ல வந்தா இது மாப்பளைக்குத் தம்பியான்னு நான் கேக்கோணுமா? நீ போயி எடுத்துட்டு வா. பாத்துட்டுத்தான் அவங்க வரலாமா வேண்டாமான்னு சொல்லுவேன்."

அம்மா பின்னால் புலம்புவது கேட்டது. "சாமி! வந்த எடத்தையும் தட்டி உடறாளே!"

எனக்கும் பயம்தான். பெண் வீட்டுக்காரி மாப்பிள்ளையைப் போய்ப் படம் எடுப்பதாவது! எங்கள் ஒரம்பரையில், சொந்தபந்தத்தில், நடந்ததே இல்லை. ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? யோசித்துப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை.

இவர்தான் துணிந்து கடைக்குப் போன் போட்டார். எடுத்தது மாப்பிள்ளையே. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "ஞாயித்துக்கெழம கடைலதானுங்க இருப்பேன். வாங்க."

கோபமா, சாதாரணமா, குரலில் தெரியவில்லை என்கிறார் இவர். ஆம்பிளைகளுக்கு எதுதான் தெரிகிறது.

19-2, ஞாயிறு. தாராபுரம், பிறகு வெள்ளகோவில்.

பதினோரு மணி பஸ். குண்டடம் வழியெல்லாம் காற்றாலை. இவர் கேட்கிறார், "படம் எடுக்கலியா?" இன்று ஒரே படம்தான்.

கடை வாசலில் கறுப்புக் குழாய்ச் சுருள்கள். மாப்பிள்ளை எழுந்து நின்றார். கவிதாவை விடக் கறுப்பு. புருவத்தில் ஒரு தழும்பு, ஸ்டுடியோவில் அதையும் அழித்திருக்கிறார்கள். அவர் அம்மா உள்ளேயிருந்து பவுடர் டப்பாவோடு.

"வேண்டாம்மா," என்றார் மாப்பிள்ளை. "அந்தக்கா அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கறாங்க."

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சங்கடம். என் அம்மாவேதான் அங்கே நிற்கிறார், வேறு சேலையில். "உங்க பையனுக்குப் பவுடரே வேண்டாமுங்க, களையா இருக்கறாங்க" என்றேன். உண்மையும்கூட. டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, "காப்பி குடிக்கறீங்களா கண்ணு?"

கடைக்கு உள்ளே இரண்டடி, வெளிச்சம் முன்னாலிருந்து. சாம்பல் அட்டையை அவரே பிடித்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். தெரிந்த மாதிரி தலையாட்டவில்லை. அது எனக்குப் பிடித்தது.

எடுத்து முடித்து அட்டையை உறையில் போடும்போது, அவர் அம்மா காப்பிக்கு உள்ளே போனதும், மெதுவாகச் சொன்னார்.

"உங்க தங்கச்சி படம் வந்துச்சுங்கல்ல. அம்மா அதை ஸ்டுடியோவுல குடுத்து, சொந்தக்காரங்களுக்குக் காட்ட கொஞ்சம் கலர் ஏத்தி ஒரு காப்பி போட்டு வாங்கலாம்னாங்க. நாந்தானுங்க தரமாட்டேன்னுட்டேன்."

"இப்ப எங்கே இருக்குதுங்க?"

சட்டைப் பையைத் தொட்டார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு பில் புத்தகத்தைப் புரட்டினார்.

மூலனூர் வழியாக வெள்ளகோவில், நான்கரை மணி. வாசலிலேயே அம்மா. கவிதா கையை மட்டும் நீட்டினாள். சட்டைப் பை சமாசாரத்தை நான் சொல்லவில்லை. முதலில் ஆளைப் பார்க்கட்டும், பேச்சில் மயங்க வேண்டாம். கேமராவோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா இரண்டு தடவை கதவுவரை போய்த் திரும்பினார். இவர் மூன்றாவது காப்பி. நான் ஒரு வாரப் பேப்பரையும் படித்தேன், ஒரு வரியும் ஏறவில்லை. ஐந்தரை. ஆறு. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. "புடிக்கலையோ என்னமோ, அழுதுட்டு இருக்கறாளா பாரு கண்ணு" என்கிறார் அம்மா.

ஆறேகாலுக்குக் கதவு திறந்தது. கேமராவைத் தூக்கிக் காட்டினாள், திரை இருட்டு.

"அக்கா, பாத்துட்டே இருந்ததுல பேட்டரி தீந்துருச்சு. மாமாவைக் கடைக்கு அனுப்பி நாலு வாங்கியாரச் சொல்லு."