காய்ச்சலை மலையேற்றியது யார்?

செவ்வாய், ஐப்பசி 9.

பழனியம்மாள் மகனுக்கு டெங்குதான் என்று இன்று உறுதியாகிவிட்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பல மாதமாக மலையை விட்டு இறங்காதவன். கொசு இங்கேயே இருக்கிறது, சரி. அதற்குக் காய்ச்சலைக் கொடுத்தது யார்? கொசு ஒழிப்பு வேலைக்கென்று இங்கே போடப்பட்டிருப்பவன் நான். நான்தான் விசாரிக்க வேண்டும்.

கிழங்கு ஏற்ற வரும் லாரி டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். காலையில் அவனை மறித்துக் கேட்டேன். "ஒரு தலவலிகூட இல்லீங்க சார்" என்றான். நான் நம்பவில்லை.

மத்தியானம் பழனியம்மாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். தண்ணீர் டிரம்மில் நெளிந்த கொசுப்புழுவைக் காட்டி, "மூடி வைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று சத்தம் போட்டேன். அந்த அம்மா டிரம்மைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"ஏனுங்க சார், நீங்களும் வாராவாரம் சேலம் போயிட்டுத்தான வாரீங்க? போன மாசம் காய்ச்சலடிக்குதுன்னு பகலெல்லாம் எங்கூட்டுலதான படுத்திருந்தீங்க? எம்பையன்தான மொளகு கசாயம் வெச்சுக் குடுத்தான்?"

குரலில் கோபம்கூட இல்லை. அது சாதாரணக் காய்ச்சல் என்றேன். மாத்திரை போட்டேன், போய்விட்டது. பரிசோதனை எதுவும் செய்துகொள்ளவில்லை.

நாளை முகாம். காய்ச்சல் வந்துபோன எல்லோரிடமும் ரத்தம் எடுக்கிறார்கள். லாரி டிரைவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். யார் யாரிடம் எடுக்க வேண்டும் என்று கை காட்ட வேண்டியவன் நான்.