தம்பிக்கு வாங்கிய மாலை

மல்லிகை வாசம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. இன்று உம்முடைய அந்தியேட்டி; நீர் இறந்து முப்பத்தொரு நாள். உடுவிலில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் உம்முடைய அக்கா என்னிடம் இரண்டு மாலைகளைத் தந்தார். ஒன்று உமக்கு. மற்றது, போரின் கடைசி நாட்களில் காணாமற்போன உம்முடைய தம்பிக்கு.

“தம்பியின்ரை படத்துக்கு மாலை போட இவள்தான் விடமாட்டன் எண்டு நிண்டவள். இனி அவனுக்கும் போட்டுவிடும், பிள்ளை. எனக்கு ஏலாமல் கிடக்கு,” என்றார்.

மாலை விழுந்தால் அவன் செத்தவனாகிவிடுவான். படத்துக்கு முன்னால் நின்ற எனக்கு ஜோர்தான் நினைவுக்கு வந்தது.

அங்கே பைசாந்தியக் காலத் தேவாலயம் ஒன்றை நாம் அகழ்ந்துகொண்டிருந்தோம். மொசைக் தரையைக் கல் கல்லாகத் தாளில் வரைவது என் வேலை. நீர் ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே வருவீர். மங்கிக் கிடந்த மாதுளையும் மீனும் நிறம் பிடிக்கும். “இஞ்ச பாரும், எங்கடை விளைமீன்!” என்று ஒருநாள் கத்தினீர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவாலயத்தின் வடக்கே சின்னச் சின்ன அறைகள் வெளிப்பட்டன. துறவிகளின் மடம் என்றே அறிக்கையில் எழுத அகழ்வுக் குழுத் தலைவர் ஆசைப்பட்டார். நீர் விடவில்லை. அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் எந்த வீட்டிலும் இருக்கும், ‘மடமாக இருக்கலாம்’ என்று மட்டும் எழுதுங்கள் என்றீர்.

“என்ன கோதாரிக்கு உந்த வம்பு? மடம் எண்டால் எல்லாருக்கும் சந்தோஷம்தானே,” என்றேன்.

“சந்தோஷத்துக்காகச் சொல்லேலுமே? தோண்டாத இடம் இன்னும் கிடக்கு,” என்றீர். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஊர் திரும்பிய பிறகு, மாதந்தோறும் தம்பியின் படத்தை ஏந்தி, பிள்ளைகளைத் தேடும் தாய்மாரோடு வீதியோரம் நின்றீர். அப்போதும் நான் உம்மிடம் ஒன்றும் கேட்டதில்லை.

“அக்கா, அவவுக்குப் போடுவம். தம்பிக்கு வேண்டாம்,” என்றேன்.

அக்கா சீறினார். “உமக்கென்ன, சொல்லிப்போட்டுப் போயிடுவீர். வாசல் படலையைப் பாத்துப் பாத்து என்ரை கண் பூத்துப்போச்சு.”

அவர் சொன்னது நியாயம். ஆனாலும் அந்த மாலையை அவனுக்குப் போடவில்லை.

“அவன் செத்ததுக்கு ஒரு தடயமும் கிடைக்கேல்லையே, அக்கா.”

அவர் தம்பியின் படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். விம்மி விம்மி அழுதார். பிறகு கேட்டார்: “அப்ப, இனி இவனை ஆர் தேடுறது?”

“நான்.”

யோசித்துச் சொன்னதல்ல. இரண்டு மாலைகளையும் உமக்கே போட்டோம். படம் இப்போது என் மடியில் இருக்கிறது. பயமாக இருக்கிறது, தோழி. அவனை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அடுத்த மாதம் வீதியோரத்தில் உம்முடைய இடத்தில் நிற்பேன். யாராவது கேட்டால், என் தம்பி என்று சொல்வேன்.