காரணம் என்ற கட்டம்

அண்ணா,

இன்று காலை எங்கள் ஆத்தூரை நெருங்கும்போது ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வாசம் என்ஜினுக்குள் வந்தது. புளித்த மரவள்ளிக் கிழங்கின் வாசம். நான் உதவியாளராக ஏறிய வண்டியின் லோகோ பைலட் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

நீங்கள் சாத்தியதில்லை. மூக்கை உறிஞ்சி, "அம்மிணி, உங்க ஊட்டுச் சமையல் வாசம் வந்துருச்சுங்க" என்பீர்கள். "நாங்க திங்கறதில்லண்ணா, உங்க பாயசத்துக்குத்தான் அனுப்புறோம்" என்பேன். ஒவ்வொரு முறையும் இதே இரண்டு வாக்கியம். ஒரு சொல் மாறியதில்லை.

நீங்கள் போய் நான்கு மாதம். வார ஓய்வு நாள். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்தீர்கள். எழவில்லை. வண்டி ஓட்டும் நம் ஆட்களில் சாவுக்கு வந்தது மூன்று பேர். ஏன் மூன்று பேர் மட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு படிவத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாடு முழுக்கக் கிளை உள்ள பெரிய சங்கத்திலிருந்து விலகி, ரயில் ஓட்டுபவர்கள் மட்டும் சேர்ந்த தனிச்சங்கத்துக்குப் போவதா என்பதை எல்லோரும் நேற்றுக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நீங்கள் எங்கள் கிளையில் பெரிய சங்கத்தின் செயலாளராக இருந்தவர். இந்தப் பேச்சு உங்கள் காலத்திலேயே தொடங்கிவிட்டது. "என்ஜின் படியில ஒருநாளாச்சும் ஏறியிருப்பானா, அங்க டெல்லியில உக்காந்திருக்கறவன்?" என்று நம்மோடு வண்டி ஓட்டும் தங்கராசு கேட்பார். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, "ஆயிரம் பேருக்குள்ள நூறு பேரு நின்னா கண்ணுக்குத் தெரியமாட்டோம், செரி. தனியா நின்னா நல்லாத் தெரிவோம். குறி பாக்கறதுக்கு" என்பீர்கள்.

நீங்கள் இருவரும் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அதனாலேயே இருவரையும் நம்பவில்லை.

விலகவும் சேரவும் ஒரே படிவம், ஒரு பக்கம்தான். பெயர், பணி எண், விலகும் காரணம். காரணம் என்ற கட்டத்தில் மட்டும் ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வாக்கியம். 'எங்கள் பெயர்களை எங்கள் செயலாளரே அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.'

மூன்று முறை படித்தேன். நான்காம் முறை படிக்க முடியவில்லை.

*

முதலில் வேறொரு நாள்.

சரக்கு வண்டி. காலை வெயில் நேராகக் கண்ணில். நம் வேலையின் விதி எளிது. சிக்னல் தெரிந்ததும் ஒருவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் கண்ணால் பார்த்து, பிறகு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லக் கூடாது.

"ரெண்டு மஞ்சள்" என்றீர்கள்.

நான் குனிந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு மஞ்சள்" என்றேன்.

நிமிர்ந்தபோது ஒரே ஒரு மஞ்சள். இரண்டு என்றால் வேகத்தை மெல்லக் குறைத்தால் போதும். ஒன்று என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். உங்கள் கை அதற்குள் பிரேக்குக்குப் போயிருந்தது. வண்டி நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே நின்றது. எதுவும் ஆகவில்லை.

பிறகு நீங்கள் சிரித்தீர்கள்.

"எனக்கு வெயிலு. உங்களுக்கு என்னுங்க?"

"எழுதிட்டிருந்தேன்."

"ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொன்னமுங்க அம்மிணி. அதான் நெசமாட்டமே இருந்துச்சு."

*

பிறகு ஏழு பேர் கடிதம்.

வேலை நேரம் முடிந்த பிறகும் அடுத்த நிலையம் வரை, அடுத்த நிலையம் வரை என்று இழுக்கப்படுவதைப் பற்றி. அரைகுறைத் தூக்கத்தோடு மறுபடி ஏறுவதைப் பற்றி. என் பங்கு கடைசி வரி. எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வருவதைப் பற்றி. 'அடிப்படை வசதி' என்று எழுதியிருந்தேன். நீங்கள்தான் அடித்தீர்கள்.

"கழிப்பறைன்னே எழுதுங்க. வசதின்னு எழுதினா ஃபேன் மாட்டிக் குடுத்துட்டு போட்டோ எடுத்துக்குவாங்க."

ஏழு பேர் கையெழுத்து. நான் ஆறாவது. சங்கத் தலைமைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். இரண்டு நாள். நீங்கள் இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கையெழுத்திட்ட வரிசையிலேயே. நான் ஆறாவதாகப் போனேன். வெளியே வரும்போது ஏழாமவர் பெஞ்சில் காத்திருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. இருவரும் ஒரே பெயரை நினைத்தோம் என்று நினைக்கிறேன். நான் நினைத்தேன் என்பதுதான் நிச்சயம்.

மறுநாள், வண்டி ஓட்டி முடித்தவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில், தங்கராசு துண்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டார். "கடுதாசி ஆரு கையிலங்க இருந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அதை இப்போது மனதில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கேள்வி மட்டும்தான்.

அன்று மதியம் சமையலறையில் ஆறு பேர் தட்டோடு நின்றோம். சமையல்காரர் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். "நம்ம பேரையெல்லாம் நம்ம செயலாளரே கொண்டுபோய்க் குடுத்துட்டாரு."

யாரும் ஆதாரம் கேட்கவில்லை. ஒருவர் "அதான் பாத்தேன்" என்றார். என்ன பார்த்தார் என்று நானும் கேட்கவில்லை. மாலைக்குள் அதையே என்னிடம் வேறு இருவர் செய்தியாகச் சொன்னார்கள். புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் வந்தால் பேச்சு நின்றது. உங்கள் டம்ளர் கடைசியில் நிரம்பியது. மாதத்தில் பாதி நாள் நான்தான் உங்கள் உதவியாளர். ஆத்தூர் வந்தது, போனது. அந்தப் பழைய இரண்டு வாக்கியங்களை இருவரும் சொல்லவில்லை.

ஒருநாள் கேட்டீர்கள். பாதையைப் பார்த்தபடியே.

"அம்மிணி, நீங்களும் அப்படித்தான் நெனைக்கறீங்களா?"

எப்படி என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் போனது.

"எல்லாரும் சொல்றாங்கண்ணா."

"எல்லாருமா." பிறகு, "செரி." பிறகு, "பச்சை."

பார்த்தேன். "பச்சை."

*

நேற்று மாலை, சேலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். வாழை இலை போடும் மேசையில் படிவங்கள். தங்கராசு வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். தனிச்சங்கத்துக்கு அவர்தான் தலைவராவார் என்கிறார்கள்.

"காரணம் அச்சடிக்காத படிவம் இருக்காண்ணா?"

"ஏனுங்க மேடம், இதுக்கென்னங்க கொறச்சல்?"

"இது நான் சொன்ன வார்த்தை."

"அப்பப் பெருமதானுங்களே!" பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"நான் பாக்கல. யாரும் எனக்குச் சொல்லக்கூட இல்ல. நானா சொன்னேன். ரன்னிங் ரூம்ல, சோத்துத் தட்டோட நின்னுகிட்டு."

சிரிப்பு ஒவ்வொரு மேசையாக நின்றது.

தங்கராசு மட்டும் முகம் மாறாமல் இருந்தார். "ஊருக்கே தெரிஞ்ச சேதிங்க. நீங்க சொல்லலீன்னா வேற ஆராச்சும் சொல்லியிருப்பாங்க."

"யாரு?"

தங்கராசு படிவங்களின் ஓரத்தைத் தட்டிச் சீராக்கினார்.

"செத்த பொறவு பாசம் பொங்குதுங்கோ" என்றார் ஒருவர். இன்னொருவர், எனக்குக் கேட்கும்படியாகவே, "பெரிய சங்கத்துல பதவி பேசி முடிச்சாச்சாட்ட இருக்குது."

கையெழுத்து முடிந்ததும் அந்த ஏழு பேர் கடிதத்தை நகல் எடுக்கக் கடைக்குக் கொண்டுபோனவர் தங்கராசு. நேற்று அந்தக் கூடத்தில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. நாக்கு நுனிவரை வந்தது. நகல் எத்தனை எடுத்தார், எங்கே கொடுத்தார், எதையும் நான் பார்க்கவில்லை. கடித்துக்கொண்டேன். உங்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது. இதுவும் உறுத்துகிறது.

"எல்லாத்துக்கும் ஒரே காரணம் இருந்தாத்தானுங்க வலு" என்றார் அவர், இப்போது குரலைத் தணித்து. "தனியா ஒண்ணு எழுதுனீங்கன்னா, உங்களுதுனால மத்தவங்களுது பொய்யாப் போயிரும். பாத்துக்குங்க."

நான் விலக விரும்பினேன் அண்ணா. அதை உங்களிடம் மறைக்கவில்லை. பெரிய சங்கம் எங்கள் தூக்கத்துக்காக ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை. அந்தக் கடிதம் உங்கள் பையிலேயே இருந்ததா, போனதா, போய் எங்கே கிடக்கிறது. எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் சொல்லவில்லை.

அச்சடித்த வரியைக் கோடிட்டு அடித்தேன். மேலே இடமில்லாமல் ஓரத்தில் எழுதினேன். 'ஓய்வு இல்லை. கழிப்பறை இல்லை.' கையெழுத்திட்டேன்.

தங்கராசு வாங்கினார். மற்ற படிவங்களோடு சேர்க்கவில்லை. தன் கைபேசிக்கு அடியில் வைத்தார். "பாக்கறேனுங்க."

ஆக, என் மட்டில் பெரிய சங்கத்தில் நான் இல்லை. தனிச்சங்கத்தில் இருக்கிறேனா என்பது ஒரு கைபேசிக்கு அடியில் கிடக்கிறது. இன்று காலை ஜன்னலைச் சாத்தியவர் நேற்று அங்கே மூன்றாம் வரிசையில் இருந்தார். சிக்னல் நிறங்களைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. முழுப் பாதையும்.

*

இன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு, உங்கள் மனைவிக்கு, போன் செய்தேன். சாவன்று பார்த்தது. பெயரைச் சொன்னதும், "சொல்லுங்க அம்மிணி" என்றார். உங்கள் குரலின் அதே இழுவை.

சொன்னேன். அந்தப் பேச்சை முதலில் பேசியது நான்தான் என்று. அந்தப் பக்கம் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ நிறுத்தச் சொன்னார்.

"தெரியுமுங்க."

"எப்போக்கா?"

"அன்னிக்கேங்க. அங்க சமைக்கறவரு போன் போட்டுச் சொல்லிப்போட்டாரு. வேற ஆளுகூடப் போறேன்னு எழுதிக் குடுங்கன்னு நாந்தான் சண்ட கட்டுனேன். கேக்கோணுமே. அந்தப் புள்ள தானாவே ஒருநாளைக்குச் சொல்லும், நீ சும்மா இருன்னாரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னிக்குச் சொல்லீட்டீங்க" என்றார் அக்கா. அதில் மன்னிப்பு இருந்ததா, குத்தல் இருந்ததா என்று பிடிபடவில்லை. பெயர்களைக் கொடுத்தது நீங்களா என்று கேட்க வாய் திறந்தேன். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அப்படியானால் பாதையைப் பார்த்தபடி அன்று நீங்கள் கேட்டது, தெரிந்தே கேட்டது. காத்திருந்தீர்களா, கண்காணித்தீர்களா. உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். நான் என் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு லெவல் கிராசிங் போனது. மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர். இரண்டு பைக். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். குழந்தை நமக்குக் கையாட்டியது. அதன் ஒரு காலில் மட்டும் செருப்பு. இவ்வளவும் பார்த்தேன் அண்ணா. இவ்வளவு நேரம் இருந்தது எனக்கு.